கொம்பூதி மானியம்

எங்கள் குடும்பத்துக்கு நிலம் உழைத்து வரவில்லை, ஊதி வந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேல்ஸ் எல்லையோரத்து எங்கள் ஊரான வென்ஹோப்பில் ஓடையை ஒட்டிய புல்வெளி, மேட்டில் ஒரு பார்லி வயல், நான் குடியிருக்கும் வீடு, எல்லாமே ஒரே ஒரு வேலைக்காக எங்களுக்கு விடப்பட்ட மானியம். வருடத்தில் ஒரு நாள், நடுக்கோடையில் வரும் புனித யோவான் நாளன்று உச்சிப்பொழுதில், கோட்டை நடுவே நிற்கும் பெரிய கல்கோபுரத்தின் தலைக்கு ஏறி, நாலு பக்கமும் பார்த்து, பக்கத்துக்கு ஒரு தரம் கொம்பு ஊத வேண்டும். ஊதிவிட்டுக் கண்ணில் பட்டதைக் கூவிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு வருடம் தவறினாலும் நிலம் அதைக் கொடுத்த பிரபுவின் பண்ணைக்குத் திரும்பிவிடும்.

வேல்ஸ் மலைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போன காலத்து ஏற்பாடு அது. நானூறு வருடத்துக்கு மேலாக என் வீட்டார் ஏறிப் பார்த்து, “யாரும் வரலை!” என்று கத்திவிட்டு, இறங்கி வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு முறை, என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கும் முன்னால், ஒருவர் மேலிருந்து “வர்றாங்க!” என்று கத்தினார். ஊர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மாடும் பிள்ளையுமாகக் கோபுரத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. முதல் பனி விழும்வரை உள்ளேயே கிடந்தார்கள். மேல் கூடத்தில் ஒரு பசு கன்று போட்டதாம். வெளியே இருந்தவர்கள் ஊரைக் கொளுத்தினார்கள், வயலைக் கொளுத்தினார்கள், கோபுரத்தின் மேல் ஒரு கீறல் போட முடியாமல் திரும்பிப் போனார்கள்.

அந்தக் கோபுரத்தை நாங்கள் கிழவர் என்றுதான் சொல்வோம். கிழவர் தலையில் மேகம் கட்டினால் துணியை உள்ளே எடுப்போம். கிழவரின் நிழல் சந்தை நடுவில் நிற்கும் கற்சிலுவையைத் தொட்டால் சாப்பாட்டு நேரம். ஆற்றங்கரையிலிருந்து காளைகளைப் பூட்டிக் கல் இழுத்து, ஒரு தலைமுறை ஆரம்பித்து அடுத்த தலைமுறை முடித்த கட்டடம். சுவரின் கனம் எவ்வளவு தெரியுமா? ஜன்னல் குழிக்குள் ஒரு கட்டிலைப் போட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் படுக்கலாம், காலும் இடிக்காது. பிறந்ததிலிருந்து அதன் காலடியில்தான் இருக்கிறேன். ஒரு நாளாவது அண்ணாந்து பார்க்காமல் அதைக் கடந்து போனதாக ஞாபகம் இல்லை.

அப்படிப்பட்டதை இடிக்கச் சொன்னது எதிரி இல்லை, எங்கள் ஊர்க்காரர்களேதான்.

ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டபோது முதலில் ராஜாவின் சிப்பாய்கள் கிழவருக்குள் வந்து குந்தினார்கள். எங்கள் ஆடுகளைத் தின்றார்கள், குளிர் காய்வதற்குக் கோபுரத்தின் தளத்து உத்தரங்களையே வெட்டி எரித்தார்கள். அவர்களை விரட்டிவிட்டுப் பாராளுமன்றச் சிப்பாய்கள் வந்தார்கள், மிச்சம் இருந்த ஆடுகளைத் தின்றார்கள். அவர்களும் போனதும் ஊர் கூடி முடிவு செய்தது: கோபுரம் இருந்தால்தானே எவனாவது வந்து தங்குவான்? இடித்துவிட்டால்? மேலே மனு போயிற்று. உத்தரவும் வந்தது. விழுகிற கல் ஊருக்கே என்றும் சொன்னார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கனவிலேயே வீடு கட்டி முடித்துவிட்டார்கள்.

என் கொழுந்தன் ஹம்ஃப்ரி அந்தக் கூட்டத்தில் முதல் ஆள். என் புருஷன் போன பிறகு எனக்கு விறகு பிளந்து கொடுப்பது, ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது எல்லாம் அவன்தான். நல்லவன். ஆனால் பன்றி வளர்க்கிறவனுக்கு உலகமே பன்றிதான்.

“கோச்சுக்காதீங்க அண்ணி. கிழவர் இருக்கிற வரைக்கும் எவனாச்சும் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்து உள்ள குந்திக்குவான். வந்தா என் பன்னியத்தான் திம்பான்.”

“உன் பன்னிக்கு அழுவுற. என் நெலத்துக்கு அழுதியா? கோபுரம் போச்சுன்னா நான் எங்க ஏறி ஊதுறது, உன் தலையிலயா?”

“அதெல்லாம் பேசிக்கலாம் அண்ணி. பஞ்சாயத்துப் பன்னெண்டு பேருக்கு நான்தான தலைவன்? விட்ருவேனா?”

பண்ணை மேலாளர் பெட்டிஃபர் விட்டுவிடுகிற ஆளாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். என் புல்வெளி அவர் குத்தகைக்கு எடுத்திருந்த இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் பல்லிடுக்கில் மாட்டிய கறித்துணுக்கை நாக்கால் துழாவுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கோபுரத்துக்குத் தீ வைக்க நாள் குறித்தவரும் அவர்தான். எந்த நாளைக் குறித்தார் என்று நினைக்கிறீர்கள்? புனித யோவான் நாள் காலை.

பட்டாளத்துக்கே வெடிமருந்து போதாத நேரம். அதனால் பழைய முறையில் இடிக்க டீன் காட்டிலிருந்து சுரங்கக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். கிழவரின் கிழக்கு மூலைக்கு அடியில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் எல்லாம் ஓக் மரத்தை முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் அந்த மூலை முழுவதும் மரத்தின் மேல் நின்றது. முட்டுகளில் பன்றிக் கொழுப்பைப் பூசிச் சுள்ளிகளைத் திணித்து நெருப்பு வைக்க வேண்டியதுதான் பாக்கி. கொழுப்பைக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா.

அன்று காலை கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போனபோது ஊரே வறண்ட அகழியின் கரையில் உட்கார்ந்திருந்தது. கறி ரொட்டி, பீர்ச் சாடி, கைக்குழந்தை, சண்டை, எல்லாம் திருவிழா மாதிரி. சுரங்க வாயில் புகைந்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்லாமல் விடியற்காலையிலேயே வைத்துவிட்டார்கள்.

நேரே பெட்டிஃபரிடம் போனேன். “வேற நாளே கெடைக்கலையா ஐயா? புனித யோவான் நாள்தான் கெடச்சுதா?”

“புனிதர் நாளையெல்லாம் பாராளுமன்றம் எடுத்துடுச்சும்மா,” என்றார், சட்டைக் கையைச் சரிசெய்தபடி. “இன்னைக்கு வெறும் சனிக்கிழமை.”

“அப்ப நல்லதாப் போச்சு. வெறும் சனிக்கிழமை நான் ஊதலைன்னா நெலம் போகாதுல்ல?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஏற்பாடு ஏற்பாடுதான். ஏற முடிஞ்சா ஏறு. நான் தடுக்கலையே,” என்றார்.

சுரங்கக்காரர்களின் தலைவன் ஆம்ப்ரோஸ் புகைக்கு எதிரே கைகட்டி நின்றிருந்தான். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

“எவ்ளோ நேரம்ப்பா நிக்கும்?” என்று கேட்டேன்.

“தெரியாதும்மா. மத்தியானம் வரைக்கும் நிக்கலாம், சாயங்காலம்கூட நிக்கலாம். நீ பாதி ஏறுறதுக்குள்ள போயிரலாம். ஓக்கு மெதுவா எரியும், அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.” பிறகு அண்ணாந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “நான் எத்தனையோ செவுத்தத் தோண்டியிருக்கேன். இந்தாளு மாதிரி ஒருத்தரப் பாத்ததில்ல. கல்லுகூட ஒடையுது, நடுவுல இருக்கிற சுண்ணாம்பு ஒடைய மாட்டேங்குது. உண்மையச் சொன்னா, தீ வெக்கும்போது எனக்கு மனசு கேக்கலை.”

ஹம்ஃப்ரி ஓடி வந்து என் கையைப் பிடித்தான். “அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? நெலம் போனாப் போவுது, என் வீட்ல வந்து இருங்க.”

“உன் பன்னியோடயா?” என்று கையை உதறினேன்.

படிக்கட்டு, தீ வைத்ததற்கு எதிர்மூலையில், சுவரின் கனத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறுவது. அந்த ஒரு தைரியத்தில்தான், உச்சிப்பொழுது நெருங்கியதும் நுழைந்தேன். படிகளின் நடுப்பகுதி கிண்ணம்போலத் தேய்ந்திருக்கும். எத்தனை கால்கள் பட்டுத் தேய்ந்தது என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அன்று அந்தக் கால்கள் எல்லாம் எனக்கு முன்னால் ஏறிப் போவதுபோல இருந்தது. முதல் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். தளங்களை எரித்துவிட்டதால் உள்ளே ஒன்றும் இல்லை, அடியிலிருந்து வானம்வரை ஒரே வெற்றுக் கூடு. அந்தரத்தில், சுவரோடு ஒட்டி, கணப்படுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. கரி இன்னும் போகவில்லை. கீழே இருப்பது சமையல்காரர்கள் நின்ற அடுப்பு. நடுவில் இருப்பது பிரபுவின் அடுப்பு, அதன் முன்னால்தான் அந்தப் பசு கன்று போட்டிருக்க வேண்டும். மேலே இருந்த சின்ன அடுப்பின் ஓரத்தில் யாரோ ஒரு பெண், பிரசவத்துக்கோ சாவுக்கோ, படுத்திருந்திருப்பாள். எத்தனை குளிர்காலம், எத்தனை பேர் அந்தக் கல்லில் கையை நீட்டிக் காய்ந்திருப்பார்கள்! அடிமூலையிலிருந்து வந்த புகை அவ்வளவு பெரிய கூட்டுக்குள் நூலாக மேலே போய்க்கொண்டிருந்தது. எப்போதும் காது கிழியக் கத்தும் கோபுரக் காக்கைகளில் ஒன்றுகூட இல்லை. காலையிலேயே காலி செய்துவிட்டுப் போயிருந்தன.

அடுத்த சுற்றில் சுவருக்குள் குடைந்த சின்னக் கோவில். சுவரில் தீட்டியிருந்த புனிதரின் கண்களைப் பாராளுமன்றச் சிப்பாய்கள் நோண்டிவிட்டார்கள். அவர் பக்கத்தில் எந்தக் காலத்துக் கைதியோ ஆணியால் கீறிய ஒரு கப்பல் இருக்கிறது. கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்! அவன் ஊர் எதுவோ. போகிற போக்கில் அந்தக் கப்பலைத் தொட்டுவிட்டுப் போனேன், வருடா வருடம் தொடுவது வழக்கம். தொட்ட விரலில் கல் லேசாகத் துடித்தது. அல்லது என் விரல்தான் துடித்ததோ என்னவோ.

உச்சிக்கு வந்து காற்று முகத்தில் அடித்ததும் நான் நிலத்தை மறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மறந்தேபோனேன். மேற்கே வேல்ஸ் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகி நீலமாகி, எங்கே மலை முடிந்து வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தன. கொம்பை எடுத்து ஊதினேன். “யாரும் வரலை!” வடக்கே சாலை, மூன்று ஊர் தாண்டி வெள்ளை இழையாகப் போயிற்று. அதன் மேல் ஒரே ஒரு வண்டி, அதுவும் வைக்கோல் வண்டி. ஊதினேன். “யாரும் வரலை!” தெற்கே ஆறு. ஊதினேன். “யாரும் வரலை!” இனி எந்த மனிதப் பிறவியும் இந்த உயரத்திலிருந்து இதைப் பார்க்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் இந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் தூங்கும்போது, அவர்களுக்கு மேலே ஒரு தலை நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இருட்டில், மழையில், கொள்ளை நோயில், யாரும் ஏறாத நாளிலும். எவ்வளவு பெரிய காரியம்! இதை நாங்கள் கொழுப்புப் பூசிக் கொளுத்துகிறோம்.

கிழக்குப் பக்கம்தான் தீ. அந்த மூலைக்கு நடந்தபோது காலடியில் ஓர் அசைவு. படுத்திருக்கும் மாடு எழுந்திருக்கும் முன் தோலைச் சிலிர்க்குமே, அப்படி. ஆனாலும் நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை. கைப்பிடிச் சுவரில் பல்போல நிமிர்ந்து நிற்கும் கல் ஒன்றைப் பற்றிக்கொண்டு பார்த்தேன், முழுதாகப் பார்த்தேன், ஊதினேன். “யாரும் வரலை!” கீழே சாடியும் ரொட்டியுமாக இருந்த கூட்டம் அப்படியே அண்ணாந்து நின்றது.

எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. வாசலில் ஆம்ப்ரோஸ் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

கிழவர் உடனே விழவில்லை. கூட்டம் பீரைத் தீர்த்தது, குழந்தைகள் அழுதன, சிலர் வீட்டுக்குப் போய் மாட்டைக் கறந்துவிட்டுக்கூட வந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் உள்ளிருந்து விறகு முறியும் சத்தம் ஒன்று கேட்டது. கிழக்கு மூலை ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கியது. விழுந்தது என்று சொல்ல மாட்டேன், இறங்கியது. பிறகுதான் மற்றச் சுவர்கள் தங்கள் துணையைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் சாய்ந்தன. சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் ஏறியது. யாரும் சொல்லாமலே ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். தூசி அடங்க நெடுநேரம் ஆயிற்று. அடங்கியபோது அங்கே வானம் இருந்தது. அந்த இடத்தில் நான் வானத்தைப் பார்த்ததே இல்லை. காலையில் ஓடிப்போன காக்கைகள் திரும்பி வந்து, இல்லாத உச்சியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நான் ஓவென்று அழுதேன். ஹம்ஃப்ரியும் அழுதான், பிறகு தூசி என்றான்.

மறுநாள் காலை ஊர் சம்மட்டியும் கடப்பாரையுமாகக் கல் எடுக்கப் போனது. வெளித்தோல் கல்லில் கொஞ்சம் உரிந்து வந்தது, அதைப் பெட்டிஃபரின் ஆட்கள் ஏற்றிக்கொண்டார்கள். உள்சதை துண்டு துண்டாக உடையவில்லை, வீட்டுப் பருமனுக்குப் பாளம் பாளமாகக் கிடந்தது. ஆம்ப்ரோஸ் சொன்ன சுண்ணாம்பு! அடித்தால் தீப்பொறிதான் பறந்தது. உச்சியின் கிழக்கு மூலை, கைப்பிடிச் சுவரின் பற்களோடும் நான் நின்ற தளக்கல்லோடும், ஒரே பாளமாகச் சறுக்கி அகழிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஹம்ஃப்ரி பன்றிக்கொட்டிலுக்கு அதைத்தான் குறிவைத்தான். வருடம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டி இரண்டு கடப்பாரையை வளைத்தான். கொட்டிலைக் கடைசியில் மரத்தால் கட்டினான்.

அடுத்த புனித யோவான் நாள் வந்தது. பெட்டிஃபர் பஞ்சாயத்துப் பன்னிரண்டு பேரையும் அகழிக் கரையிலேயே கூட்டினார். ஊரும் வந்து நின்றது.

“விஷயம் சின்னதுதான்,” என்றார். “கோபுரத்து உச்சியிலேர்ந்து ஊதணும்னு ஏற்பாடு. இப்ப உச்சியே இல்ல. வேலை முடிஞ்சுபோச்சு, நெலம் பண்ணைக்குத் திரும்புது. இந்தம்மா மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல.”

“உச்சி இல்லையா?” ஹம்ஃப்ரி எழுந்தான். “அப்ப ஒரு வருசமா நான் எத்தோட ஐயா மல்லுக்கட்டுறேன்? வளஞ்ச கடப்பாரையக் கொண்டாந்து காட்டவா? பல்லு இருக்கு, தளம் இருக்கு, இந்த அண்ணி நின்ன எடமே இருக்கு. அது ஒடைஞ்சிருந்தா உச்சி இல்லைன்னு நானே சொல்லியிருப்பேன். எவனாலயும் ஒடைக்க முடியல. ஏறுங்க அண்ணி!”

பஞ்சாயத்தார் சிரித்தபடி தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அதில் கடப்பாரையை வளைத்தவர்கள்.

“சரி, ஏறட்டும்,” என்றார் பெட்டிஃபர். “ஏற்பாட்டுல உள்ளபடி செய்யட்டும்.”

அகழிக்குள் இறங்கி, ஹம்ஃப்ரியின் தோளில் கால் வைத்து அந்தப் பாளத்தில் ஏறினேன். அதே தளக்கல்தான். மேற்கே திரும்பிக் கொம்பை ஊதினேன். மேலே இருந்து ஊதும்போது காற்று பாதியைத் தின்றுவிடும். இங்கே அகழிச் சுவரில் முட்டி அத்தனையும் என் முகத்திலேயே திரும்பி அடித்தது. கொம்பை இறக்கிப் பார்த்தேன்.

மேற்கே அகழிக் கரை, கரையில் காஞ்சொறிச் செடி. அவ்வளவுதான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ‘யாரும் வரலை’ என்று ஹம்ஃப்ரியின் உதடு எனக்கு முன்னால் அசைந்தது. இரண்டு வார்த்தை. வீடு, வயல், புல்வெளி எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு முறை ஒருவர் “வர்றாங்க!” என்று கத்தியதும் ஊர் ஏன் ஓடியது? அதுவரை கத்திய ஒவ்வொருவரும் பார்த்துவிட்டுத்தான் கத்தினார்கள் என்பதால். பார்க்காமல் நான் ஒரு தரம் சொன்னால் போதும், நானூறு வருடத்துச் சொல்லும் வெறும் கூச்சலாகிவிடும்.

“தெரியலை!” என்று கத்தினேன்.

ஹம்ஃப்ரியின் வாய் திறந்தபடி நின்றது. நான் நிறுத்தவில்லை. வடக்கே திரும்பினேன். அங்கே பஞ்சாயத்தாரின் செருப்பும் முழங்காலும் தெரிந்தன. ஊதினேன். “தெரியலை!” தெற்கே, “தெரியலை!” கிழக்கே, “எதுவும் தெரியலை!”

“இது ஏற்பாட்டுல இல்ல!” பெட்டிஃபர் துள்ளி எழுந்தார். “யாரும் வரலைன்னு சொல்லணும். இத்தன காலமும் அதத்தான் சொல்லியிருக்காங்க.”

ஹம்ஃப்ரி பேசியபோது குரல் மாறியிருந்தது. “கண்ணுல பட்டதச் சொல்லணும். அதான் ஏற்பாடு. அவங்க சொல்லிட்டாங்க. நெலம் அவங்களுது.”

பன்னிரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள். அதோடு வழக்கு முடிந்தது. நிலம் இன்றும் என்னுடையதுதான். ஆனால் என் பக்கம் திரும்பி நல்லது என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். பிறகு ஹம்ஃப்ரி அகழிக் கரையின் மேட்டில் ஏறினான், கையை நெற்றியில் வைத்து வடக்குச் சாலையைப் பார்த்தான். அவன் பின்னால் இன்னொருவன் ஏறினான். பிறகு பஞ்சாயத்தார், பெண்கள், கடைசியில் பெட்டிஃபர்கூட. ஊரே வரிசையாகக் கரைமேல் குதிகாலைத் தூக்கி நின்றது. தங்கள் வாழ்நாளில் அவர்கள் தாங்களாக ஏறிச் சாலையைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நான் மட்டும் அகழிக்குள் கிழவரின் தலைமேல் கொம்போடு நின்றிருந்தேன்.

“அண்ணி,” என்று ஹம்ஃப்ரி திரும்பாமலே கூப்பிட்டான். “இங்கேருந்து சாலை திரும்புற எடம் வரைக்கும்தான் தெரியுது. அதுக்கு அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம் கிழவருக்குத்தான்டா தெரியும்,” என்றேன்.